நான்கு உறைகளுக்குள் ஒரு கார்

கார் வாங்கி ஓட்டுகிறவர்கள் ஒரு சாதி. கார் வாங்கி மூடுகிறவர்கள் இன்னொரு சாதி. இந்த இரண்டாவதைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். பாகூர் பக்கம் எந்தத் தெருவிலும் வெள்ளி நிற உறைக்குள் கார் ஒன்று குந்திக்கொண்டிருக்கும். செலியமேட்டில் அப்படி ஒன்றின் சொந்தக்காரர் பெயர் பாக்யராஜ். கரும்பு விவசாயி.

சித்திரை வெயிலுக்கு வெள்ளிப் பூச்சு, ஐப்பசி மழைக்குச் சொட்டு இறங்காத பிளாஸ்டிக், பூரணாங்குப்பம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றுக்கு ஒன்று, பூனை நகத்துக்கு ஒன்று என்று உறைத் துணிகளில் மாதிரித் துண்டுகள் வாங்கிவந்து, மோட்டார் கொட்டகைக் கூரையில் ஆணியடித்து, ஆறு மாதம் காயவிட்டு, நனையவிட்டு, மோந்து பார்த்து, கடைசியில் நான்கிலும் முழு உறை தைத்து, காருக்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டார். ஓட்டுவதா? அதற்குத்தான் பைக் இருக்கிறதே.

கார் வந்து பதினான்கு மாதம். மனைவி ஜெயா ஏறியது இரண்டு தடவை. முதல் தடவை, பூஜை போட வில்லியனூர் கோயிலுக்கு. இரண்டாவது, அங்கிருந்து திரும்ப.

அவள் கேட்டது ஒன்றுதான். நுரையீரலில் நீர் கோத்து, பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்த அவள் அம்மா காசம்மாளுக்கு வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்து அழைத்துவர வேண்டும். பாக்யராஜ் தலையாட்டினார். மாமியார் ஏறப்போகிறாரே என்று முந்தின வாரமே சீட்டு உட்பட எல்லாவற்றையும் கழுவினார். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஈரத்தோடு போர்த்தி, முடிச்சும் போட்டார்.

வெள்ளிக்கிழமை முடிச்சவிழ்க்க முக்கால் மணி நேரம். கதவைத் திறந்தால் குப்பென்று வாடை. சீட்டெல்லாம் வெள்ளைப் பூஞ்சை.

"இன்னாங்க இது?"

"காத்துகூட பூராத கவரு. டாப் குவாலிட்டி."

"ஈர நெல்ல படுதா போட்டு மூடுனா இன்னா ஆவும்?"

"மொளைச்சிடும்."

"அது தெரியுது. மூச்சு வாங்குறவள இதுல குந்தவெக்கவா?"

"ரெண்டு நாளு வெயில்ல வெச்சா..."

அவர் முடிக்கும்போது ஜெயா அமீர் ஹம்சாவின் ஆட்டோவில் ஏறியிருந்தாள்.

திரும்பும் வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் காசம்மாள் மகளின் தோளை இறுக்கிப் பிடித்தாள். வீட்டுக்கு வந்தபோது லேசான தூறல். பாக்யராஜ் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, யாரப் போத்தி வெச்சிக்கிறாரு?" என்றாள் காசம்மாள்.

"அதுக்கும் ஒடம்பு சரியில்ல ஆயா" என்றார் அமீர் ஹம்சா.

பாக்யராஜ் தலை நிமிரவில்லை. "அடுத்த செக்கப்புக்குக் கார்லதான் அத்தை."

"செரி மாப்ள. அதுக்குள்ள என்னயும் மூடிடாதீங்க."

ஜெயா மட்டும் சிரிக்கவில்லை.

நீங்கள் சிரித்தீர்கள் அல்லவா? உங்கள் வீட்டு மெத்தையின் பாலிதீனைப் பிரித்துவிட்டீர்களா? அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கும் புடவை யாருக்கு வாங்கியது? நல்ல நாளில் கட்டிக்கொள்ளட்டும் என்பீர்கள். நல்லது. அப்படியே, கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு இப்போது என்ன வயது என்றும் ஒரு தடவை கேட்டுவையுங்கள்.