கதகதப்பான இல்லம், முதல் பரிசு

மனித குலத்தின் துயரங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் சுவர்தான் என்ற உண்மையை, பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், ஒரு பழைய பத்திரிகையின் நாற்பத்தோராம் பக்கத்தில் என் அப்பா கண்டுபிடித்தார். அன்று அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் போயிற்று. அடுத்த வாரம் எங்கள் வீட்டில் மூன்று சுவர்கள் போயின. இரண்டுமே முன்னேற்றம்தான். அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. அப்படியே இருந்தாலும் அதைச் சொல்லத் தனி இடம் கிடையாது.

அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் ஆவணங்களுக்கு வரிசை எண் போட்டுவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எனவே சுவர் இடிப்பும் முறைப்படி, கூட்டம் கூட்டியே முடிவு செய்யப்பட்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் அப்பா. வழிமொழிந்தவரும் அப்பா. அம்மா சமையலறையிலிருந்து "என்ன?" என்று கேட்டது ஒப்புதலாகப் பதிவு செய்யப்பட்டது.

"ஆளுக்கொரு அறையில அடைஞ்சு கிடக்கோம். நாள் பூரா வீட்டுல இருக்கேன், ஒருத்தர் முகத்தையும் பாக்க முடியல," என்றார் அப்பா.

"என் முகத்த முப்பது வருஷமா பாத்துட்டுதானே இருக்கீங்க?" என்றாள் அம்மா.

"இடையில சுவர் இருந்ததே. அதக் கழிச்சுட்டுக் கணக்குப் போடு."

இடிக்க வந்த மேஸ்திரி அனுபவசாலி. "பாகம் பிரிக்கிறவங்க சுவர் எழுப்பக் கூப்பிடுவாங்க. நீங்க இடிக்கச் சொல்றீங்களே, எதுக்கு சார்?"

"குடும்பம் ஒண்ணா இருக்கிறதுக்கு."

மேஸ்திரி அப்பா, அம்மா, அண்ணன், நான் என எங்கள் நால்வரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "நடுவுல இருக்கிற தூண மட்டும் விட்டுருவோம் சார். அதையும் எடுத்தா மாடி வீட்டுக்காரங்களும் ஒண்ணா வந்துருவாங்க."

இடித்து முடித்ததும் வீடு, கடைசி பஸ்ஸும் கிளம்பிப் போன பஸ் நிலையம்போல விசாலமாயிற்று. அப்பா ஒரு மூலையில் இருமினால் எதிர் மூலை பதில் இருமல் இருமியது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் இடைவிடாமல் பார்த்தோம். இரண்டாம் நாளே பார்த்து முடித்துவிட்டோம். ஏதோ குறைகிறது என்று அப்பாவுக்குப் பட்டது. அதே பத்திரிகையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தேடி மறுபடியும் பல் மருத்துவரிடம் போனார். குறைவது "கதகதப்பு" என்று அங்கே தெரியவந்தது. அதற்கென்றே நிபுணர்கள் இருப்பதும் தெரியவந்தது.

கதகதப்பு ஆலோசகர் வந்தார், நடுத்தர வயதுப் பெண்மணி. கூடத்தின் நடுவில் கண்ணை மூடி, உள்ளங்கைகளை விரித்து, மூன்று நிமிடம் நின்றார். அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி, "மயக்கம் வருதோ என்னவோ, ஒரு சொம்பு தண்ணி எடுத்து வை," என்றாள். சுவர் இல்லாததால் அது எல்லோருக்கும் கேட்டது.

"கட்டடத்துக்கு உங்கள இன்னும் பிடிக்கல சார்," என்றார் ஆலோசகர்.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "நாங்க என்ன செய்யணும்?"

"விளக்கு, துணி, மரம். இத வச்சுக் கெஞ்சணும்."

கெஞ்சினோம். மஞ்சள் விளக்குகள் மூன்று வெவ்வேறு உயரங்களில் நின்றன. தரைவிரிப்புகள் தீவுகளாயின, ஒவ்வொரு தீவுக்கும் "உரையாடல் மண்டலம்", "அமைதி மண்டலம்" என்று பெயர் சூட்டப்பட்டது. சோபாவின் மீது இருபத்திரண்டு குட்டித் தலையணைகள் அமர்ந்தன. அவை எழுந்திருக்காததால் நாங்கள் தரையில் அமர்ந்தோம். மிச்சமிருந்த ஒரே வெற்றுச் சுவரில் ஆணி அடிக்கத் தடை விதிக்கப்பட்டது. "அது மூச்சு விடணும்," என்றார் ஆலோசகர். அன்றிலிருந்து அப்பா அதன் பக்கத்தில் நின்று தும்முவதுகூட இல்லை.

என் மொழிபெயர்ப்பு நாவல்களை ஆலோசகர் நிறவாரியாக அடுக்கினார். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்துக் கதை, இரண்டு பாகம். இப்போது அதன் நாயகன் நீலத் தட்டில் ரயில் ஏறுகிறான். அவன் இறங்கவேண்டிய ஊர் பழுப்புத் தட்டில், பூச்சாடிக்குப் பின்னால் இருக்கிறது. அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் குளியலறைக்குள் போக வேண்டியிருந்தது. வீட்டில் கதவுள்ள ஒரே இடம் அதுதான். தினமும் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தேன். அப்பா என் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டு மருந்து வாங்கி வந்தார். அக்கறையான மனிதர். அண்ணன் தன் அலுவலகப் பேச்சுகளுக்குக் கீழே நிற்கும் காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அம்மாவுக்குத்தான் போக இடமில்லை. இருபது ஆண்டுகளாக, மதியம் மூன்று மணிக்குச் சித்தி போன் செய்வாள். அம்மா படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தன் தங்கையோடு அரை மணி நேரம் பேசுவாள். என்ன பேசுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சிரிப்பு மட்டும் கதவிடுக்கு வழியாக வரும். அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் அம்மா மிச்ச இருபத்து மூன்றரை மணி நேரத்தை ஓட்டினாள்.

இப்போது மூன்று மணி இப்படி நடந்தது:

"ம்... நல்லா இருக்கோம்... ம்... சாப்பிட்டோம்."

அப்பா "உரையாடல் மண்டல"த்திலிருந்து, "உன் தங்கச்சிதானே? முழங்காலுக்கு ஒத்தடம் குடுக்கச் சொல்லு," என்பார்.

"ஒத்தடம் குடுக்கணுமாம்... ம்... வச்சுடறேன்."

ஏழெட்டு வாரம் கழித்துச் சித்தி என்னைக் கூப்பிட்டாள். "உங்கம்மாவுக்கு எம்மேல என்னடி கோவம்? வாய்தா கேக்குற மாதிரி பேசுறா. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"இங்க சுவர் இல்ல சித்தி."

"சுவருக்கும் எனக்கும் என்னடி சம்பந்தம்? வீட்டுல வேற ஏதோ நடக்குது. உங்கப்பா ஏதாவது சொன்னாரா?"

அப்பா எதிரே அமர்ந்து என்னைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். "ம்," என்றேன்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? சரி, வியாழக்கிழமை மூணு மணிக்குக் கடைசியா ஒரு தடவ கூப்பிடுறேன். அன்னைக்கும் 'ம்'னா, எனக்கு அக்கா இல்லன்னு நினைச்சுக்குறேன்."

அம்மாவிடம் சொன்னேன். "செய்வா. ரோஷக்காரி," என்று மட்டும் சொல்லிவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். தூண் ஒல்லி. இரண்டு பக்கமும் அம்மா தெரிந்தாள்.

அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்குத்தான், "கதகதப்பான இல்லம்" போட்டிக்காக எங்களைப் படம் பிடிக்க ஆலோசகர் ஒரு புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தார். பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு எல்லா விளக்கையும் போட்டார்கள். தலையணைகளுக்கு ஆளுக்கொரு குத்து விழுந்தது.

"எல்லாரும் இயல்பா இருங்க," என்றார் புகைப்படக்காரர்.

கைகளை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"சார், உங்க வீட்டம்மாவப் பாத்துச் சிரிங்க."

"எதுக்கு?" என்று அப்பா நேர்மையாகக் கேட்டார்.

அப்போது போன் அடித்தது. அம்மா எடுத்தாள். மறுமுனையில் சித்தி அழுவது எனக்கே கேட்டது. அம்மா எங்களைப் பார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள். "ம்" வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வரவில்லை. இருபது வருடப் பழக்கம் அம்மாவின் கால்களைக் கிளப்பிவிட்டது. விறுவிறுவென்று நடந்தாள். முன்பு படுக்கையறைக் கதவு இருந்த இடத்தைத் தாண்டியதும் திரும்பினாள். இடது கையால் இல்லாத கதவைச் சாத்தினாள். வலது கையை உயர்த்தி இல்லாத தாழ்ப்பாளைப் போட்டாள். தரைவிரிப்பில் அமர்ந்து, காலைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லுடி," என்றாள். அந்தக் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"உன்மேல எனக்கென்னடி கோவம்? உக்காந்து பேச ஒரு மூலை இல்லடி இங்க. எப்ப திரும்பினாலும் இவர் மூஞ்சி. நல்ல மனுஷன்தான், ஆனா கையில ஒரு பத்திரிகைய குடுத்துரக் கூடாது... ஆமாடி, வீட்டுக்கு நம்மளப் பிடிக்கலையாம், ஒரு அம்மா வந்து கண்ண மூடிக் கேட்டுச் சொன்னாங்க... சிரிக்காத, கேளு. இருபத்திரண்டு தலையணை. அதுங்க சோபாவுல, நாங்க கீழ. சின்னவ குளியலறையில நாவல் படிக்கிறா, இவர் அவளுக்கு வயித்துக்கு மருந்து குடுக்குறாரு..."

அம்மா சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆலோசகர் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்தார். மெல்ல நடந்து, கதவு இருந்த இடத்தில் சரியாக நின்றார். விரலை மடக்கிக் காற்றில் தட்டினார். சத்தம் வராததால், "டொக் டொக்," என்று வாயால் சொன்னார்.

"பேசிட்டிருக்கேன், இருங்க," என்றாள் அம்மா, திரும்பாமலே.

"சரி, சரி," என்று அப்பா அங்கேயே காத்திருந்தார். புகைப்படக்காரர் ஒரே ஒரு படம் எடுத்தார்.

அரை மணி நேரம் கழித்து அம்மா தாழ்ப்பாளை எடுத்து, கதவைத் திறந்து, வெளியே வந்தாள். எங்களைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"இப்பதான் வந்தோம்," என்றார் அப்பா.

அந்தப் படத்துக்கே முதல் பரிசு. "சுவர்களற்ற திறந்தவெளி, இந்த இல்லத்தரசியின் முகத்தில் எத்தகைய நெருக்கத்தை மலரச் செய்திருக்கிறது!" என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். ஆலோசகர் "தலைமைக் கதகதப்பு ஆலோசகர்" ஆனார். எங்களுக்குக் கண்ணாடி போட்ட சான்றிதழ் வந்தது. அதை மாட்ட இடமில்லை. இருக்கிற ஒரு சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மேஸ்திரியை அப்பாவே கூப்பிட்டார்.

"சான்றிதழ் மாட்ட ஒரு சுவர் வேணும்."

"எத்தனை அடி சார்?"

"முன்ன இருந்த அளவு." அப்பா அம்மாவின் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "ஒரு கதவும் வச்சுருங்க. தாழ்ப்பாள் உள்பக்கம்."

மேஸ்திரி இந்த முறை எதற்கு என்று கேட்கவில்லை.

பரிசு பெற்ற இல்லத்தைப் பார்வையிடத் தலைமை ஆலோசகர் சென்ற வாரம் வந்தார். புதுச் சுவரைக் கண்டதும் கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், மறுபடியும் திறந்தார். பிறகு அம்மாவின் காதோரம் குனிந்தார்.

"எங்க வீட்டுலதான்மா முதல்ல சுவர எடுத்தேன். என் அக்காகிட்ட மனசு விட்டுப் பேசி எட்டு மாசமாச்சு. ஒரு பத்து நிமிஷம் இந்த அறையக் குடுப்பீங்களா?"

அம்மா வழிவிட்டாள். கதவு சாத்தப்பட்டது. மேல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு, நிபுணர் அல்லவா, கீழ்த் தாழ்ப்பாளும்.