எலுமிச்சம்பழத்தில் தொடங்கி வேட்டியில் முடிந்த குழி

வெளிநாட்டில் நாலு வருஷம் இருந்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு வியாதி வரும். விமானம் தரை தொட்டதுமே ஊரில் இருக்கிற எல்லோரும் விவரம் கெட்டவர்களாகத் தெரிவார்கள். எனக்கு அது கொஞ்சம் முற்றிப்போயே வந்தது. மற்றவர்களாவது பேச்சோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் மிஷினே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மஸ்கட்டில் எனக்குத் தோட்ட வேலை. (ஊரில் சொல்லி வைத்திருந்தது 'கார்டன் சூப்பர்வைசர்'. எனக்குக் கீழே வேலை செய்தவை எல்லாம் செடிகள்.) சாலை நடுவிலும் ஓட்டல் வாசலிலும் பூச்செடி நடுவோம். சுவரில் ஓட்டை போடுகிற பேட்டரி டிரில் இருக்கிறதல்லவா, அதன் முனையில் இரண்டடி நீளத் திருகு கம்பி ஒன்றை மாட்டி மண்ணில் வைத்து அழுத்தினால் 'விர்ர்' என்று குழி விழும். நாற்றை வைத்து மண்ணைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். குனிகிற வேலையே குறைவு. முதன்முதலில் அதைக் கையில் பிடித்தபோது எனக்குக் கன்னியம்மா ஞாபகம்தான் வந்தது.

கன்னியம்மா என் மனைவி. ஆந்திர எல்லையில், எங்கள் நாகலாபுரம் பக்கத்தில் மாந்தோப்புகளுக்குக் குழி வெட்டும் பெண்கள் ஆறு பேர் உண்டு. ஊரில் அவர்களை 'பேட்ச்' என்பார்கள். அந்தப் பேட்ச்சில் அவளும் ஒருத்தி. அவள் கடப்பாறையைக் கீழே வைக்க வேண்டும் என்றுதான் நான் மஸ்கட்டே போனேன். போனில் கேட்டால், "அதெல்லாம் எப்பவோ வுட்டுட்டேன்யா" என்பாள். பின்னால் நங் நங்கென்று சத்தம் கேட்கும்.

இரண்டு மாத லீவில் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என் நாலு வயசு மகள் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டாள். "நைனா வந்துகீறாரு பாரு" என்று கன்னியம்மா கூப்பிட்டதற்கு, "நைனா போன்ல கீறாரு" என்றாள். இனி மஸ்கட் வேண்டாம், எப்படியாவது ஊரிலேயே பிழைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வழியும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு சின்ன வயசுக்காரர்கள் எல்லாம் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். குழி வெட்ட ஆள் கிடைக்காமல் தோட்டக்காரர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். மிஷினை வைத்துக்கொண்டு மண்டலத்து ஊர்கள் முழுக்கக் குழி போட்டுக் கொடுத்தால் போதும். முதல் தோட்டத்தில் மட்டும் பெயர் எடுத்துவிட வேண்டும்.

அந்த முதல் தோட்டம் சுப்பையா காருவுடையது. தெலுங்குக்காரர் ('காரு' என்பது அவர்கள் ஊர் மரியாதை), எங்களோடு பாதித் தமிழில் பேசுவார். இருநூறு தோத்தாபுரி மாங்கன்று வாங்கி நிழலில் வைத்திருந்தார்.

"எத்தினி நாளு ஆவும் ஏழுமலை?"

"நாளா? சார், ஒரு காலை நேரம் போதும்."

வீட்டில் கன்னியம்மா அந்தத் திருகு கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாயா, கரண்டிக் காம்பு மாதிரி கீது? மாங்குழி இன்னா சைஸுன்னு..."

"நீ சும்மா இரு. இது டெக்னாலஜி."

அவளுக்கு நிரூபிக்க, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மூன்று குழி போட்டுக் காட்டினேன். சோப்புத் தண்ணீர் ஊறி ஊறிக் களியாகிப்போன மண். கம்பி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அவள் மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். சொல்ல நான் எங்கே விட்டேன்?

லீவு பாதிக்கு மேல் கரைந்த பிறகு, குறித்த நாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். புது மிஷின், புதுத் தொழில், பூஜை போடாமல் தொடங்க முடியுமா? மஸ்கட்டில் இதே வேலைக்கு பேண்ட், பூட்ஸ், கையுறை எல்லாம் போடாவிட்டால் கிட்டவே விடமாட்டார்கள். நான் பட்டுக்கரை போட்ட எட்டு முழ வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சாமி காரியமாச்சே என்று அதை மடித்துக்கூடக் கட்டவில்லை.

கன்னியம்மாவோடு சேர்த்துப் பேட்ச் மொத்தமும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. தலைமை, கன்னியம்மாவின் சித்தி பூங்காவனம். வாயைத் திறந்தால் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும்.

"இன்னா சித்தி, வேலைக்குப் போவலியா?"

"எங்க வயித்துல அடிக்கிற மிஷினு மூஞ்சி எப்டி கீதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் மாப்ளே."

எனக்குச் சுருக்கென்றது. என் மிஷின் ஜெயித்தால் இவர்களுக்கு வேலை போகும் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. (யோசிக்கிற இடத்தில்தான் டெக்னாலஜி உட்கார்ந்திருந்ததே.) ஆனாலும் சித்தி பெரிய மனசுக்காரி. அவளே டிரில்லுக்குக் குங்குமம் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நாலு பக்கமும் பொட்டு இட்டாள். கற்பூரம் காட்டினோம்.

அடுத்தது எலுமிச்சம்பழம். புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறோமல்லவா? என் மிஷினுக்குச் சக்கரம் கிடையாது. அதனால் பழத்தைத் தரையில் வைத்து, கம்பியின் கூர்முனையை அதன் நடு மண்டையில் ஊன்றி, சாமியை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

பழம் நசுங்கவில்லை. கம்பியில் குத்திக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. சுற்றச் சுற்றச் சாறு நாலா திசையும் பறந்தது. ஆசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சுப்பையா காருவின் வலது கண்ணுக்குள் நேராகப் போய்விட்டது.

"அய்யய்யோ! கண்ணு போயிந்தே!"

செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு கண் தக்காளி மாதிரி சிவந்துபோய், மறு கண்ணால் என்னை முறைத்து, "கானி, போவட்டும், ஆரம்பி" என்றார் மனுஷன்.

ஆரம்பித்தேன். கம்பி சுற்றியது, சத்தம் வந்தது, புழுதி பறந்தது, ஆனால் ஒரு விரற்கடைகூட உள்ளே இறங்கவில்லை. ஊன்றி அழுத்தினேன். மார்பை வைத்து அழுத்தினேன். மிஷின் மேல் படுத்தே பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்து அந்த இடம் வழவழவென்று மொழுகிவிட்ட மாதிரி ஆகியிருந்தது.

"மாப்ளே, குழி வாணாம்னா போவுது, கோலம் போட நல்ல எடம் பண்ணிக் குடுத்துட்டீங்க" என்றாள் சித்தி.

அப்புறம்தான் பார்த்தேன். குங்குமம் வைக்கும்போது அவள் கட்டைவிரல், சுற்றும் திசையை மாற்றும் பொத்தானைத் தள்ளிவிட்டிருக்கிறது. மிஷின் அத்தனை நேரமும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாலு வருஷம் அதே மிஷினைப் பிடித்த சூப்பர்வைசருக்கு இது தெரியப் பத்து நிமிஷம் ஆனது.

திசையை மாற்றினேன். கம்பி முக்கி முனகி, சரளைக்கல்லில் கடகடவென்று அதிர்ந்து, ஒரு வழியாக முழுசாக இறங்கி ஏறியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். சுப்பையா காரு நல்ல கண்ணால் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதேமிப்பா, எலி வளையா?"

நாலு அங்குல அகலம். மாங்கன்றுக்கு மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி வேண்டும். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி, எருவோடு கலந்து போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். நாலு வருஷம் பூ நாற்று நட்டதில், குழி என்றால் நாலு அங்குலம் என்று மூளையில் பதிந்துபோயிருந்தது. அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில் வாயைத் திறந்தேன்.

"சார், இது மொத ஓட்டை. பக்கத்துல பக்கத்துல போட்டுக்கினே போனா, எல்லாம் சேந்து பெரிய குழி ஆயிடும்."

"எத்தினி ஓட்டை?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு குழிக்கே எண்பது வந்தது. அதுவும் இரண்டடி ஆழத்துக்கு. வெளியில் சொல்லவில்லை.

நாலாவது ஓட்டையில் ஒரு கல் தட்டியது. மிஷின் துள்ளியது. நான் காலை அகட்டி ஊன்றிக்கொண்டேன். கரை போட்ட வேட்டியின் நுனி காற்றில் ஆடிப் போய்க் கம்பியைத் தொட்டது.

அதற்கப்புறம் நடந்தது இரண்டு விநாடி சமாச்சாரம். பொத்தானிலிருந்து விரலை எடுத்திருந்தால் மிஷின் நின்றிருக்கும். பயத்தில் மனுஷன் விரலை எடுப்பானா? இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எட்டு முழமும் என்னைப் பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றவிட்டுக் கம்பியில் போய்ச் சுருட்டிக்கொண்டது. கருகிய வாடை வந்தது. மிஷின் ஒரு தடவை விக்கி அப்படியே நின்றுபோனது, கம்பி பாதி மண்ணில், வேட்டி முழுசும் கம்பியில்.

நான் டிரவுசரோடு நின்றேன். மஸ்கட்டில் ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்று கொடுத்தது. மஞ்சள் நிறம், அதில் சிவப்புச் சிவப்பாக இதயம்.

அப்புறம் சித்தி சிரித்தாள் பாருங்கள், மரத்திலிருந்த காக்காய் எல்லாம் பறந்தது. ஆறு பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். சுப்பையா காரு சிரித்த சிரிப்பில் சரியாக இருந்த கண்ணிலும் தண்ணீர்.

கன்னியம்மாதான் முதலில் எழுந்து வந்தாள். தலையில் சும்மாடு சுற்றியிருந்த துண்டை உருவி என் மேல் எறிந்தாள்.

"கட்டிக்கினு அந்தாண்ட நில்லுயா."

கடப்பாறையை எடுத்துக் கம்பியைச் சுற்றி இறக்கினாள். சிரித்துக்கொண்டே மற்றவர்களும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம், கை பழக்கத்தில் தானாகவே பிரிந்து விழுந்தது. கம்பி வெளியே வந்தபோது அங்கே கோடு பிடித்தாற்போல் மூன்றடிக்கு மூன்றடிக் குழி ஒன்று இருந்தது.

சுப்பையா காரு அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கன்னியம்மா, மீ பேட்ச்சு எப்ப வரீங்க?"

என் பிழைப்பு அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. லீவு முடிய இன்னும் பதினொரு நாள். மறுபடி மஸ்கட், மறுபடி போனுக்குள் இருக்கிற நைனா. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏழு பேருக்கு வேலை குட்த்தா நாளைக்கே வர்றோம்" என்றாள் கன்னியம்மா.

"ஆறு பேருதானே?"

"ஏழு. கோல் போட்டு அளக்கவும் தண்ணி தூக்கவும் ஒரு ஆள் கீது. கன்னு நடத் தெரியும். நாலு வருசம் நட்டுக்கினு இருந்துச்சு." என் பக்கம் திரும்பினாள். "இன்னாயா, வரியா? இல்ல, ஏரோப்ளேன் ஏறப்போறியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் துண்டை எடுக்க முடியாத நிலைமை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்றுவரை கன்னியம்மா பேட்ச்சில் நான்தான் ஏழாவது ஆள். அந்த நாளுக்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் பேண்ட்தான். ஆனால் போன வருஷம் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. பெண்ணைப் பெற்றவன் வேட்டி கட்டித்தான் ஆக வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். கட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். சித்திக்கு வயசாகிவிட்டது, குரலுக்கு ஆகவில்லை.

"டேய், கரண்ட்ட ஆஃப் பண்ணுங்கடா! மாப்ளே வேட்டி கட்டிக்கினு வராரு!"

மைக் செட்காரன் வெளியூர்க்காரன். ஏதோ ஆபத்து என்று நினைத்து நிஜமாகவே மெயினை அணைத்துவிட்டான். பாட்டு நின்றது, ஃபேன் நின்றது, மண்டபமே சிரித்தது. மணையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த என் மகள், மாலை நழுவ நழுவ, "நைனா, இப்பிடி எங்கிட்ட வந்து நில்லு, நான் புட்ச்சிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

போய் நின்றேன். விழா முடிகிற வரைக்கும் அவள் என் வேட்டி முனையை விடவே இல்லை.