அக்காவுக்காக வாங்கிய கறுப்புக் கார்

மனித குலம் எதற்காகச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீண் சிரமம். முதியோர் நலப் பிரிவின் துணை இயக்குநர் ஒரு நாள் தம் அக்காவுக்காக ஒரு சொகுசுக் கார் வாங்குவார், அதற்கு அடியில் மாட்ட ஏதாவது வேண்டியிருக்கும் என்பதற்காகத்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா. தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரையே ஊரோடு பேச வைத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர்தான். இப்போது தம்பி வீட்டு முன்னறையில் இருக்கிறார். ஒரு எண்ணை ஒரு தடவை கேட்டால் போதும், மறக்க மாட்டார். சில மாதங்களுக்கு முன் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் கால் இறுகிவிடும், இறுகினால் மறுபடியும் கத்திதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முழங்காலைவிடத் தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த உத்தரவை வீட்டில் எல்லோரும் தலைமேல் வைத்து மதித்தார்கள். அக்காவின் நாற்காலிக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியவர் சாட்சாத் துணை இயக்குநரேதான்.

அலுவலகம் போகிற வழியில் அக்காவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய் விடுபவரும் அவர்தான். அதற்கு ஒரு பழைய கார் இருந்தது. வீட்டில் அதற்கு ‘இருமல்’ என்று பெயர். சாவியைத் திருகியதும் இருமும், பிறகு தொண்டையைச் செருமும், அதற்குப் பிறகுதான் கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும். ஆனால் இருக்கை நல்ல உயரம். அக்கா கதவருகே திரும்பி நின்று, வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல அப்படியே உட்கார்ந்துகொள்வார். அவர் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. தம்பிதான் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். “ஒரு துணை இயக்குநர் எனக்குக் கதவு திறந்துவிடுறார்னா சும்மாவா?” என்று அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்வார். வழியெல்லாம் தம்பி இயக்குநரைப் பற்றிப் புலம்புவார்; அக்கா, தாம் பார்த்தே இராத அந்த இயக்குநரின் குரலில் பேசிக் காட்டுவார். அலுவலகத்தில் சிரிக்க முடியாத, வீட்டில் சிரிக்க நேரமில்லாத ஒரு மனிதர் வயிறு வலிக்கச் சிரித்தது அந்தக் காரில்தான்.

பிறகு ஏன் அதை மாற்ற வேண்டும் என்று சிறுமதி படைத்தவர்கள் கேட்கலாம். கணக்குப் பிரிவுத் துணை இயக்குநர் ஒரு நாள் காலை நீளமான வெள்ளி நிறச் சொகுசுக் காரில் அலுவலகத்துக்கு வந்து இறங்கினார். வாயிற்காவலர் அதற்கு ஒரு சல்யூட் அடித்து வாசலுக்கு நேராக இடம் கொடுத்தார். அடுத்து வந்த இருமலைப் பார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். இந்தச் சம்பவத்துக்கும் புதுக் கார் யோசனைக்கும் எள்ளளவும் தொடர்பு கிடையாது. யோசனை அன்று மாலையே பிறந்தது தற்செயல்.

“அக்கா பாவம், எத்தனை நாளைக்கு இந்த டப்பாவுல குலுங்கிக்கிட்டே போவாங்க?” என்றார் மனைவியிடம்.

தோழி வீட்டு வாசலில் சொகுசுக் காரில் போய் இறங்குவது எப்படி இருக்கும் என்று மனைவி ஒரு கணம் கண்ணை மூடிப் பார்த்தார். “ஆமாங்க, அண்ணி பாவம்” என்றார்.

சாதாரண மனிதராக இருந்தால் மறுநாளே கடைக்கு ஓடியிருப்பார். துணை இயக்குநர் ஒரு தேர்வுக் குழு அமைத்தார். தலைவர் அவரே. உறுப்பினர் மனைவி. தொழில்நுட்ப ஆலோசகர் மனைவியின் தம்பி. கார் வைத்திராதவர், அதனால் எந்தக் காரைப் பற்றியும் நடுநிலையோடு பேசக்கூடியவர். கல்லூரியில் படிக்கும் மகள் பார்வையாளர். அக்கா குழுவில் இல்லை, ஏனென்றால் அவர் ‘பயனாளி’. பயனாளியைக் கூட்டத்துக்கு அழைக்கும் வழக்கம் துணை இயக்குநரின் பிரிவில் என்றைக்குமே இருந்ததில்லை. அழைத்தால் ஆசை வளரும், ஆசை வளர்ந்தால் புகார் வரும் என்பது அங்கே பாலபாடம். போன வருடம் முதியோர் குறைதீர்க் கூட்டத்தை அவர் மூன்றாவது மாடியில் நடத்தினார். லிஃப்ட் பழுது. ஒருவரும் ஏறி வரவில்லை. ‘குறைகள் ஏதும் இல்லை’ என்று அறிக்கை போனது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

புதிதாக ஒரு சொகுசுக் கார் வாங்க வேண்டுமானால் வீட்டை விற்று அந்தக் காரிலேயே குடியிருக்க வேண்டியிருக்கும். ஆகவே பழைய கார்க் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கழுத்தில் டை கட்டி, தம்மை ‘வாகன வாழ்வியல் ஆலோசகர்’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ‘பழைய’ என்ற சொல் அவர் காதில் விழுந்ததும் முகம் சுருங்கியது. “பழசுன்னு சொல்லாதீங்க சார். பக்குவப்பட்ட வண்டின்னு சொல்லுங்க” என்றார்.

பக்குவப்பட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் உட்கூரைத் துணி பக்குவம் முற்றி மைத்துனரின் தலையில் வந்து படிந்தது. இன்னொன்றில் முந்தைய உரிமையாளரின் நாய் இன்னும் குடியிருப்பதுபோல வாசம். கடைசியில், ஒரு மூலையில், அந்தக் கறுப்புக் கார். தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை. ரகசியம் சொல்வதுபோல மூடிக்கொண்டது. துணை இயக்குநர் அதற்குள் இறங்கி உட்கார்ந்தார். ஏறி என்று எழுத வேண்டிய இடம்தான், ஆனால் அவர் இறங்கித்தான் உட்கார்ந்தார். தண்ணீர்த் தொட்டி அவர் மனக்கண்ணிலிருந்து மறைந்தது.

குழு அங்கேயே கூடியது. ஒவ்வொரு வசதியும் பயனாளியின் நலன் என்ற ஒரே அளவுகோலால் பரிசீலிக்கப்பட்டது. கூரையில் திறந்து மூடும் கண்ணாடி: அக்காவுக்கு வெயில் நல்லது என்று மருத்துவர் சொன்னார் அல்லவா? சுற்றிலும் ஒலிபெருக்கிகள்: அக்காவுக்கு இப்போது ஒரு காது கொஞ்சம் மந்தம். இருக்கையைச் சூடாக்கும் பொத்தான்: முழங்காலுக்கு ஒத்தடம். நின்ற நிலையிலிருந்து கண்மூடித் திறப்பதற்குள் பறக்கும் இஞ்சின் எதற்கு என்பதில் மட்டும் சற்றுத் தடுமாற்றம் ஏற்பட்டது. அவசரத்துக்கு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாமா என்று மைத்துனர் கேட்டதும் எல்லோர் மனமும் கனிந்துவிட்டது.

அப்போதுதான் பார்வையாளர் வாயைத் திறந்தார். “அப்பா, அத்தையை ஒரு தடவை கூட்டிட்டு வந்து உட்கார வெச்சுப் பார்த்துடலாமே?”

குழு அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிர்வாகம் தெரிவதில்லை. “பயனாளிக்கு எதையும் கையில கொடுக்கிற அன்னிக்குத்தான்மா சொல்லணும்” என்றார் அப்பா. வாகன வாழ்வியல் ஆலோசகர் அந்த வாக்கியத்தை மிகவும் ரசித்தார்.

இருமலை ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வாங்கிக்கொண்டு போனார். மாற்றுச் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். மறுநாள் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது அக்காதான் எடுத்தார். பிறகு சாவியை வாங்க வந்தவரிடம் அந்தக் கதவைப் பற்றியும் சொல்லி அனுப்பினார். இருமலை ஏன் விற்றார்கள் என்று மட்டும் அக்காவுக்குப் புரியவில்லை. கேட்டபோது எல்லோரும் அர்த்தத்தோடு சிரித்தார்கள்.

கறுப்புக் கார் வீட்டு வாசலுக்கு வந்த நாளில் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். கைத்தடியை ஊன்றி நின்று அக்கா காரைப் பார்த்தார். அதன் கூரை அவர் மார்பளவுக்குக்கூட வரவில்லை.

“எல்லாம் உனக்காகத்தான்க்கா” என்றார் தம்பி. அதில் பொய் இல்லை; இத்தனை தடவை சொல்லிச் சொல்லி அவரே நம்பியிருந்தார்.

அக்காவுக்குக் கண் கலங்கியது. கதவருகே திரும்பி நின்று, வழக்கம்போல உட்காரப் போனார். இருக்கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்ந்தார். அப்போதும் வரவில்லை. முழங்கால் சுரீரென்று இழுக்க, “அம்மா” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார்.

“கார் ரொம்ப லட்சணமா இருக்குடா. ஆனா பாய்ல உட்கார்ற மாதிரி இருக்கே. டாக்டர் என்னைக் கொன்னுடுவார்” என்றார்.

நிலைமையைச் சமாளிக்கக் குழு உடனே களத்தில் இறங்கியது. மனைவி இரண்டு தலையணைகள் கொண்டுவந்தார். அவற்றை அடுக்கி அக்காவை மெல்ல உட்கார வைக்கப் பார்த்தார்கள். கால் சரியாக இருந்தது. தலை கூரையில் இடித்தது. தொழில்நுட்ப ஆலோசகர் சற்றும் தயங்காமல் மேற்கண்ணாடியைத் திறந்துவிட்டார். “இப்ப தலையை இதுக்குள்ள விடுங்க. இந்த வசதி இதுக்குத்தான் இருக்கு” என்றார். முதலில் சிரித்தவர் அக்காதான். கழுத்து வரைக்கும் வெளியே தெரிய ஊர்வலம் போவதுபோலக் கையை அசைத்துக் காட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அக்கா கைத்தடியை வாங்கிக்கொண்டு, சிரிப்பு அடங்குவதற்குள் உள்ளே போய்விட்டார். தம்பிக்கு அது உறுத்தியது.

உறுத்தியதால்தான் அவர் ‘உயர மேம்பாட்டுத் துணைக்குழு’ ஒன்றை அமைத்தார். அது ஆராய்ந்துகொண்டிருந்த வாரத்தில் அக்கா சிகிச்சைக்குப் போகவில்லை. கால் இறுக ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். ஒவ்வொரு நாளும் துணை இயக்குநர் முன்னறையில் எட்டிப் பார்த்து, ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிவித்தார். அக்கா தலையை ஆட்டினார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம், ஒரு காலை. துணை இயக்குநர் மெத்தென்ற துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஏதோ இருமியது. பிறகு செருமியது. திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. உச்சியில் வாடகை விளக்கைச் சூடிக்கொண்டு இருமல் வந்து வாசலில் நின்றது. மாற்றுச் சாவிக்காக ஒரு தடவை அழைத்த எண்ணை அக்கா மறப்பாரா?

ஓட்டுநர் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டார். அக்கா திரும்பி நின்று, நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். யாரும் பிடிக்கவில்லை. தலையணை வேண்டியிருக்கவில்லை.

துணை இயக்குநர் துணியும் கையுமாகப் போய்க் கதவருகே நின்றார். “என்னக்கா இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ என்னைக் கேட்டியாடா?” என்றார் அக்கா. கோபமில்லாமல்தான் கேட்டார். பிறகு இருக்கையைக் கையால் தடவிக் கொடுத்தார். “சீட்டு அதேதான். இருமல் அதேதான். கதவுகூட அதே மாதிரி வெளியிலேருந்துதான் திறக்குது. ஓட்டுறவர்தான் வேற.”

பின் இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் ஏறிக்கொண்டால் என்ன என்று துணை இயக்குநருக்கு ஒரு கணம் தோன்றியது. கை கதவு வரைக்கும் போனது. ஆனால் வாடகைக் காரில் போய் அலுவலக வாசலில் இறங்கினால் காவலர் என்ன நினைப்பார்? கை திரும்பி வந்துவிட்டது. இருமல் கிளம்பிப் போனது. திருப்பத்தில் அக்கா ஏதோ ஒரு குரலில் பேசிக் காட்டியிருக்க வேண்டும். ஓட்டுநர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அன்று வாயிற்காவலர் கறுப்புக் காருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, வெள்ளிக் காருக்கும் முன்னால் இடம் கொடுத்தார். இயக்குநரே மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். வயதான அக்காவுக்காக இவ்வளவு பெரிய காரா என்று நெகிழ்ந்துபோய், முதியோர் நலத்தை வீட்டிலிருந்தே தொடங்கிய முன்மாதிரி அதிகாரி என்று கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். துணை இயக்குநருக்கு அன்று ஏனோ சிரிப்பு வரவில்லை.

அந்தப் பாராட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மைத்துனர் அந்தக் காரில் ஏறிவிட்டார். மனைவியின் தோழி ஏறிவிட்டார். இயக்குநரும் ஒரு மாலை ஏறிப் பார்த்துவிட்டார். அக்காவுக்காகவே வாங்கிய காரில் அக்காவைத் தவிர எல்லோரும் ஏறிப் போய் வந்தாகிவிட்டது. அக்காவிடமிருந்து இதுவரை குறைகள் ஏதும் இல்லை.