உங்கள் ஹால் சுவருக்கு ஒரு மலை

விக்கிரமசிங்கபுரம்,
கார்த்திகை கடைசி வாரம்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை நடராஜ் அவர்களுக்கு,

மாமனார் முத்துமாலை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை இசக்கியம்மாவும் முழங்கால் நீங்கலாகச் சுகம். அணையில் தண்ணீர் கிடக்கிறது, பிசானப் பருவ நெல்லுக்கு நடவு முடிந்துவிட்டது. அங்கு நீங்களும் என் மகள் கலையரசியும் ஓசூர்க் குளிரில் காது மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க பாபநாசநாதர் துணை.

போனில் சொல்ல வேண்டியதைத் தபாலில் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். நான் போனை எடுத்தால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கூரையைப் பார்ப்பாள். கூரையில் ஒன்றும் இருக்காது. காது மட்டும் என் போனுக்குள் இருக்கும். நீங்கள் இருவரும் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு பிறகு சொன்னதிலிருந்து இரண்டு வருஷமாக மகளோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பேசாதவள் கேட்கக் கூடாது என்று சட்டம் இல்லையே, அதனால் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இதற்கு நடுவில் நான் எப்படி மனம்விட்டுப் பேசுவது. தவிரவும் நீங்கள் கேட்ட படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பும்போது கூடவே ஒரு கடிதம் வைப்பதுதான் முறை.

தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சுவதாகவும், ஹாலில் ஒரு சுவர் வெறிச்சென்று இருப்பதாகவும், அதில் நம்ம ஊர் மலையும் ஆறும் பெரிய படமாக இருந்தால் கலையரசிக்குச் சந்தோஷம் என்றும் சொன்னீர்கள். மலையையும் வயலையும் படம் எடுத்தே பிழைக்கிறவர் நீங்கள். நீங்களே ஒருநாள் வந்து எடுத்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்குள் உங்களை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று எனக்கும், எந்த முகத்தோடு வருவது என்று உங்களுக்கும் தெரியாததால், நீங்கள் பழைய கேமரா ஒன்றைத் துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்பினீர்கள். நான் ஒன்பதாவது வரை படித்து, கூட்டுறவுச் சொசைட்டியில் உரமூட்டை எடை போட்டு ஓய்வுபெற்றவன். ஐம்பது கிலோவுக்கு உட்பட்ட எந்தச் சாமானையும் நான் பயத்தோடு தூக்கியதில்லை. உங்கள் கேமராவைப் பயத்தோடு தூக்கினேன். உங்கள் அத்தையிடம், சொசைட்டியில் ஓய்வுபெற்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள் என்று சொல்லிவைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால் நான் பயப்பட வேண்டும் என்பது கல்யாணமான புதிதிலேயே தெரிந்த விஷயம், இருந்தாலும் மறந்துவிட்டேன்.

நீங்கள் போனில் பேசி அனுப்பிய பாடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதல் பாடம், விடியும்போதும் அடையும்போதும்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றீர்கள். விடியற்காலையில் எழுந்து போய், சூரியன் வருகிற பக்கம் திரும்பி நின்று எடுத்தேன். நம்ம ஊரில் சூரியன் வருகிற பக்கம் என்ன இருக்கிறது, கரண்டுக் கம்பமும் அரிசி மில்லும்தான் இருக்கிறது. மலை எனக்கு முதுகுப் பக்கம். சாயங்காலம் போனால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, மலை தார் பூசின மாதிரி கறுத்துவிட்டது. நாலு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. சூரியனை நான் பார்க்கத் தேவையில்லை, காலையில் அது எதைப் பார்க்கிறதோ அதைப் பார்த்தால் போதும். அது மேற்கே மலையைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு மடிப்பும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரிகிறது. அறுபது வருஷம் அந்த மலைக்கு அடியில் இருந்தும் அதற்கு இத்தனை மடிப்பு உண்டென்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அடுத்த பாடம் மூன்றில் ஒரு பங்கு. வானம் பாதி, தரை பாதி என்று நடுவில் வெட்டாதீர்கள் மாமா என்றீர்கள். இது எனக்கு உடனே விளங்கிவிட்டது, இது எங்கள் நிலத்து வாரக் கணக்கு. நிலம் யாருடையதோ அவருக்கு ஒரு பங்கு, பாடுபடுகிறவனுக்கு இரண்டு பங்கு. வானத்துக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டு ஆற்றுக்கும் வயலுக்கும் இரண்டு பங்கு கொடுத்தேன். பங்கு சரியாகத்தான் வந்தது, ஆனால் கோடு சாய்ந்துவிட்டது. உங்கள் அத்தை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, “இதென்ன, தண்ணி மேட்டுக்கு ஏறுது” என்றாள்.

கை ஆடாமல் இருக்க முக்காலி வையுங்கள் என்றீர்கள், அதையும் அனுப்பினீர்கள். அந்த முக்காலியை ஆற்றங்கரையில் விரித்து நான் ஒற்றைக் கண்ணை மூடியதுதான் தாமதம், தோட்டத்தில் நின்றவர்கள் எல்லாரும் வரப்பில் வந்து நின்றுவிட்டார்கள். அக்கரையில் குடியிருக்கிற சாரம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, “அண்ணாச்சி, நாலுவழிச் சாலை இங்கனயா வருது?” என்று கேட்டாள். இல்லம்மா, நான் மலையைப் படம் எடுக்கிறேன் என்றேன். “அளக்க வாரவுக எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுதாவ” என்றாள். அவள் வீட்டையும், வீட்டை ஒட்டிய முருங்கையையும், கட்டிக்கிடந்த கன்றுக்குட்டியையும் நான் படத்தில் விழாமல் விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் கரையேறினாள். வாக்குக் கொடுத்ததால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. அந்தப் பக்கம்தான் மலை நன்றாக இருந்தது.

பிறகு, ஓடுகிற தண்ணீரைப் பால் மாதிரி ஆக்குகிற வித்தை. கேமராவின் கண்ணை நிறைய நேரம் திறந்துவைத்தால் தண்ணீர் வழுவழுவென்று ஆகிவிடும் என்றீர்கள். பாபநாசம் படித்துறையில் வைத்துச் செய்து பார்த்தேன். தண்ணீர் பாலாகத்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு அமாவாசை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அசைந்தபடியால் புகையாக வந்துவிட்டார்கள். உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தவர்கள் மட்டும் தெளிவாக இருக்க, அவர்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஆட்கள். முன்னோர்கள் நேரிலேயே வந்து வாங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. டீக்கடை தேவசிகாமணியிடம் காட்டினேன். அவன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதுல எங்க அப்பா உண்டுமாவே?” என்றான். அதே இடத்தில்தான் ஒரு குரங்கு கேமராவின் மூடியைப் பிடுங்கிக்கொண்டு கோபுரத்தில் ஏறிற்று. இப்போது தேங்காய்ச் சிரட்டையால் மூடுகிறேன், அளவு சரியாக இருக்கிறது.

இவ்வளவு சறுக்கலுக்கும் நடுவில் ஒன்று மட்டும் எனக்குத் தானாகவே கைகூடியது. பனி. நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு நீங்கள், “மாமா, அந்த மஞ்சள் பனியும் அதோட ஓரத்துல விடியல் சிவப்பும் பிரமாதம், எப்படிப் பிடிச்சீங்க?” என்று கேட்டீர்கள். உண்மையில் எனக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. ஆனாலும் தொழில் தெரிந்த மாப்பிள்ளை கேட்கும்போது தெரியாது என்று சொல்லலாமா. பொறுமையாக இருந்தால் வரும் என்றேன். தேவசிகாமணியிடம், காரையார் அணைப் பக்கத்துக் காற்று அப்படி என்றேன். உச்சி வெயிலில் எடுத்த படத்திலும் பனி இருந்தது, அதுவும் எப்போதும் இடது பக்கமாக ஒரே இடத்தில் இருந்தது. நம்ம மலைக்கு உச்சியிலும் பனி உண்டு போலிருக்கிறது, நான்தான் இத்தனை நாளாகக் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதனுக்குப் புகழ்ச்சி வந்துவிட்டால் கண் இப்படித்தான் ஆகிவிடுகிறது.

கடைசிப் பாடம்தான் வினை. ஆள் யாரும் வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்ன நீங்களே, மலை எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமானால் தூரத்தில் சின்னதாக ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள் மாமா என்றீர்கள். ஆளுக்கு எங்கே போவேன். கோவிலுக்குப் போவோம் என்று சொல்லி உங்கள் அத்தையைக் கூட்டிப்போய், ஆற்றுக்குள் ஒரு பாறையில் நிற்கச் சொன்னேன்.

“மலையை அளக்க என்னையா கூட்டிட்டு வந்தீய?” என்றாள்.

“ஏட்டி, சும்மா இங்கன பார்த்து நில்லு.”

பார்த்தாள். பார்த்தவள் பாறையிலிருந்து பைய இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நடந்து, நேரே கேமராவின் மூக்குக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

“நான் வச்ச பொட்டு இன்னும் அப்படியே இருக்கு” என்றாள்.

மாப்பிள்ளை, சரஸ்வதி பூஜை அன்று அரிவாள், மண்வெட்டி, சைக்கிள், கிரைண்டர் எல்லாவற்றையும் கழுவி வைத்தபோது கேமராவையும் கூட வைத்திருந்தேன். நான் பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். கிரைண்டருக்கு மூடியில், சைக்கிளுக்கு ஹேண்டில்பாரில், கேமராவுக்குக் கண்ணாடியில். வட்டமாக முகம் மாதிரி இருந்த இடம் அதுதானாம். இரண்டு மாதமாக நான் பிடித்த பனி அந்தச் சந்தனம். குங்குமம்தான் அதன் விளிம்பில் நீங்கள் பாராட்டிய அந்த விடியல் சிவப்பு. கேமராவுக்கு முன்னால் நிற்கிறவருக்குத்தானே அது தெரியும், பின்னால் நிற்கிற எனக்கு எப்படித் தெரியும். ஆளே வேண்டாம் என்று மலையை மட்டும் பார்த்துக்கொண்டு திரிந்ததால் எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போய்விட்டது.

துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வச்ச பொட்டை அழிப்பாகளா? அதுவும் அவ அனுப்பின சாமான்ல.”

“எவ அனுப்பினா? இது சொசைட்டில குடுத்தது.”

“உங்க சொசைட்டில ஒரு குடம் குடுக்கவே ரெண்டு வருசம் யோசிப்பாவ, கேமராவா குடுக்குதாவ? சுத்தி வந்த துணி அவ பத்தாங்கிளாஸ்ல கட்டின பாவாடை. தச்சவ நான். எனக்குத் தெரியாதா?”

துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டேன். சரி, இதுதான் சமயம் என்று நினைத்து, தைக்குப் பால் காய்ச்சப் போவோமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வெளிச்சத்துக்குக் காத்திருந்த மாதிரி இதற்கும் காத்திருந்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. “கல்யாணத்துக்கு வேண்டாத அம்மை பாலுக்கு எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லித் திரும்பி, ஆற்றோரமாக நடக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அதை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது, கை தானாகப் போயிற்று. மலை முழுதும் வெயில், அதன் இடது பக்கம் சந்தனப் பனி, கீழே தண்ணீர் ஓரமாக உங்கள் அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள், ஒரு விரல்கடை உயரம். நீங்கள் சொன்னபடி அளவு தெரிந்துவிட்டது. ஆனால் மலை பெரிது என்று எனக்குத் தெரியவில்லை, அது முன்பே தெரிந்ததுதான். அவள் எவ்வளவு சின்னவள் என்பதுதான் தெரிந்தது. வீட்டுக்குள் இருக்கும்போது நான் அவளை அண்ணாந்துதான் பார்க்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, இத்துடன் இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். மறுநாள் அவளுக்குத் தெரியாமல் கேமராக் கண்ணாடிக்கு முன்னால் திருகி மாட்டியிருந்த, பொட்டு விழுந்த பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றிவைத்துவிட்டு, உங்கள் எல்லாப் பாடத்தையும் வரிசையாகக் கடைப்பிடித்து எடுத்தது ஒன்று. கோடு நேராக இருக்கிறது, பங்கு சரி, பனி இல்லை, ஆள் இல்லை, சாரம்மாள் வீடும் இல்லை. மற்றது நான் சொன்ன படம். எதை மாட்டுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டாவதை மாட்டினால் கலையரசி அழுவாள் என்று தோன்றினால் ஸ்டோர் ரூமில் வைக்கவும். பால் காய்ச்சுக்கு நான் மட்டும் வருவேன். உங்கள் அத்தை வரமாட்டாள், அவளை எதிர்பார்த்து இலை போட வேண்டாம் என்று மகளிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும். எனக்குத் தெரிந்தவரை முயன்றேன், படத்தைப் போலவே இதிலும் நேரம் தவறிவிட்டது.

உங்கள் இருவருக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். ஒருவர் வாயால் சொல்லாவிட்டாலும் இருவருடையதும்தான்.

இப்படிக்கு,
கண்ணாடியைத் துடைக்காத மாமனார்,
சு. முத்துமாலை

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் உங்கள் அத்தை, என்ன எழுதினீய, வாசிங்க என்றாள். வாசித்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு இரண்டாவது படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டு, “இதைத் தபால்ல போட்டா மடக்கிப்புடுவான், நான் கையோட கொண்டு வாரேன்” என்றாள். எனவே மேலே இணைத்திருப்பதாக எழுதிய படங்கள் இத்துடன் இணைக்கப்படவில்லை. விதிப்படி எடுத்த நல்ல படத்தை, மற்றதில் அழுக்குப் படாமல் இருக்க மேலே சுற்றிவிட்டாள். இலை இரண்டாகப் போடவும். புது நிலைவாசலுக்குப் பொட்டு வைக்க ஆள் வேண்டாமா என்று சந்தனக் கட்டையையும் இப்போதே எடுத்து வைத்திருக்கிறாள். உங்களுடைய மற்ற கேமராக்களை உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டிவிடவும்.