கிரிவலம் போன பென்டிரைவ்

மச்சானோட பழைய லேப்டாப்புக்கு விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டுக் குடுக்கணும். வேலை அவ்ளோதான்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன். கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலைகிட்ட ஒரு சின்ன லாட்ஜ் வெச்சிருக்கார். யாருக்கு எந்த ரூம்னு மொத்த விவரமும் அந்த லேப்டாப்புலதான்.

"மாப்ள, நாளைக்கு பௌர்ணமி. ரூம் எல்லாம் ஃபுல். முடிஞ்சுடுமா?"

"மச்சான், இதெல்லாம் எனக்கு அல்வா சாப்புடற மாதிரி!"

ரூம் லிஸ்ட்ட பத்திரமா காப்பி எடுத்துட்டு, லினக்ஸ் ஏத்தின பென்டிரைவ சொருகி ஆரம்பிச்சேன். பாதியில நின்னு ஒரு கேள்வி கேட்டுச்சு. பூட் லோடர எந்த டிஸ்க்குல எழுதட்டும்?

பூட் லோடர்னா பெரிசா ஒண்ணுமில்ல. லேப்டாப் கண்ணு முழிச்சதும் முதல்ல படிக்கிற துண்டுச்சீட்டு. அது இல்லன்னா அடுத்து என்ன பண்றதுன்னே அதுக்குத் தெரியாது.

ரெண்டு டிஸ்க்கோட பேர காட்டுச்சு. படிச்சிருக்கலாம். படிக்கல. ரெண்டாவத அமுக்கிட்டேன்.

ஜம்முனு ஓடுச்சு! லிஸ்ட்ட திரும்ப ஏத்திட்டு, காப்பிய அழிச்சுட்டு, காலர தூக்கி விட்டுக்கிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பஷீர் பாய் வந்தார். அடுத்த வளைவுல டயர் கடை வெச்சிருக்கிறவர். பௌர்ணமின்னா கடை வாசல்ல மோர்ப் பந்தல் போடுவார்.

"தம்பி, பந்தல்ல பாட்டு போடணும். பென்டிரைவ் ஒண்ணு கெடைக்குமா?"

"இது சும்மாதான் பாய் இருக்கு, எடுத்துக்கங்க!" லேப்டாப்புலேர்ந்து உருவிக் குடுத்தேன். தாராள மனசு.

மூணு மணிக்கு கரண்ட் போயி வந்துச்சு. லேப்டாப்புல பேட்டரி என்னிக்கோ செத்துப்போச்சு. ஆன் பண்ணா, பூட் பண்ண டிஸ்க்கே இல்லன்னு கறுப்பு ஸ்கிரீன்ல ஒரே ஒரு வரி.

வாசல்ல ஏழு குடும்பம், மூட்டை முடிச்சோட.

"மாப்ள, அல்வா என்னாச்சு?"

அப்பத்தான் உறைச்சுது. துண்டுச்சீட்ட பென்டிரைவுல எழுதித் தொலைச்சிருக்கேன்! செருப்பு கூட போடாம பாய் கடைக்கு ஓடினேன்.

பாய் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தார். "வா தம்பி, பார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது. பண்ணிடவா?"

"பாய்! கைய எடுங்க!"

பென்டிரைவ் தப்பிச்சுது. லாட்ஜ் இருநூறு மீட்டர் பின்னாடி. திரும்பினேன். எதிர்ல கடல் மாதிரி ஜனம். வண்டியும் விட மாட்டாங்க.

ஒரு தொண்டர் விசில் ஊதினார். "சார், எதிர்ல வரக்கூடாது!"

"இருநூறு மீட்டர்தாங்க. பூட் லோடர் இதுல..."

"எதுவா இருந்தாலும் சுத்திட்டு வாங்க."

கூட்டத்துல ஒரு அம்மா கன்னத்துல போட்டுக்கிச்சு. "மலைய எதிர்சுத்து சுத்தறியேப்பா, குடும்பத்துக்கு ஆவாது!"

வெறுங்காலோட நின்னேனா, பக்தர்னே முடிவு பண்ணி, கூட்டமே என்னை முன்னாடி தள்ளிக்கிட்டுப் போயிடுச்சு.

வழியில மச்சான் போன். "எங்க மாப்ள இருக்கீங்க?"

"வந்துகிட்டே இருக்கேன் மச்சான்." பொய் இல்ல. சுத்தி வந்துகிட்டு இருந்தேன்.

கால் ரெண்டும் கொப்பளிச்சுப் போயி லாட்ஜ் வாசல மிதிச்சப்ப ராத்திரி ஆயிடுச்சு. அந்த ஏழு குடும்பமும், ரூம் கெடைக்கற வரைக்கும் சும்மா எதுக்கு உக்காரணும்னு கிரிவலம் கெளம்பி, எனக்கு முன்னாடியே முடிச்சுட்டு வந்து உக்காந்திருந்தாங்க. அவமானமா இருந்துச்சு.

பென்டிரைவ சொருகினேன். லேப்டாப் முழிச்சுக்கிச்சு. அத்தனை பேரும் கை தட்டினாங்க!

இப்ப அந்த பென்டிரைவ லேப்டாப்போட சேர்த்து மச்சான் டேப் போட்டு ஒட்டிட்டார். மேல அவர் கையாலயே எழுதியிருக்கார்: "உருவுறவர் பதினாலு கிலோமீட்டர் நடக்கவும்."