அடிபடக் கூடாத பத்தொன்பது பேர்

எனக்குப் பயம் வந்தால் உடனே கூட்டம் கூட்டிவிடுவேன். அதுதான் என் வியாதி. வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூட மூன்று பேரிடம் கேட்டேன். (மூவரும் மூன்று நிறம் சொன்னார்கள். வீடு இன்னும் பூசப்படவில்லை.) இந்த வியாதி ஒருமுறை என் மகளின் சான்றிதழையே விழுங்கப் பார்த்தது. வருடங்கள் எத்தனையோ ஓடியும், யாராவது "ஒரு லிஸ்ட் போடுவோமா சேர்?" என்றால் இன்றும் பேனாவை ஒளித்துவைக்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணித ஆசிரியர். மகள் தர்ஷினி உயர்தரம் முடித்துவிட்டு, ஹட்டனில் ஒரு வருடக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். கடைசியில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஏதாவது செய்து காட்ட வேண்டும். தேறினால் சான்றிதழ், சான்றிதழ் கிடைத்தால் கண்டியில் வேலை. அவள் செய்தது ஒரு சண்டை விளையாட்டு. கூடை சுமந்த கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒரு பனிப்பூதமும் திரையில் அடித்துக்கொள்வார்கள்.

"வெளிநாட்டு கேம்ல எல்லாம் வேற கேம்லேருந்து ஆளுங்க விருந்தாளியா வந்து சண்டை போடுவாங்கப்பா. நான் நம்ம தோட்டத்திலேருந்தே மூணு பேரைக் கூப்பிடப் போறேன்" என்றாள்.

"எப்படிம்மா ஆளை எடுப்ப?"

"வேற யார்கிட்டயும் இல்லாத ஒரு அடி இருக்கணும். தோத்தாலும் கோவிச்சுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

மூன்று பேரையும் முடிவு செய்து வைத்திருந்தாள். தோட்டத் தலைவர் குடையால் அடிப்பார். கடைக்கார ரஹீம் நானா சீனி மூட்டையை உருட்டிவிடுவார். பஸ் கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க" என்று ஒரே தள்ளாகத் திரைக்கு வெளியே தள்ளிவிடுவார்.

கேட்காமல் ஒருவரைப் போடுவதா? போட்டால், விடுபட்டவர் சும்மா இருப்பாரா? எங்கள் மாரியம்மன் திருவிழாவில் யார் கரகம் எடுப்பது, யாருக்கு முதல் மாலை என்பதையெல்லாம் கோயில் கமிட்டிதான் பேசி முடிக்கும். தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஒன்று கொடுத்தால் கீழ் டிவிஷனுக்கும் ஒன்று. அதனால்தான் வருடாவருடம் சண்டையில்லாமல் தேர் ஓடுகிறது. அதே முறையில் சண்டைக்கும் ஆள் எடுக்கலாம் என்று நினைத்த கணித ஆசிரியர் உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கமிட்டி கூடியது.

"தலைவர் மேல் டிவிஷன். கீழ் டிவிஷனுக்கு யாரு?" என்று ஆரம்பித்தார் கீழ் டிவிஷன் கணக்கப்பிள்ளை.

"நீங்களே இருங்களேன்" என்றேன்.

"இருக்கேன். ஆனா நாலு பேர் பாக்க என்னை அடிக்கப்படாது."

தலைவர் துண்டை உதறினார். "அப்ப என்னை மட்டும் அடிக்கலாமா? எனக்கும் அப்படியே எழுதுங்க சேர்."

ரஹீம் நானா கையெடுத்துக் கும்பிடாத குறை. "நமக்கு அடி வாங்கவும் ஏலா, யாருக்கும் அடிக்கவும் ஏலா சேர். ரெண்டு டிவிஷனும் நம்மட கடையிலதானே சாமான் வாங்குற."

மூன்று பேர் பத்தொன்பதானார்கள். எல்லாப் பெயருக்கும் எதிரே 'அடிபடக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். (ஸ்கேல் வைத்து.)

தர்ஷினி அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தாள். "அப்பா, இது சண்டை கேம்."

"அதனாலதாம்மா பயமா இருக்கு."

தாளை நான்காக மடித்துக்கொண்டு, "சரிப்பா" என்றாள். அந்தச் 'சரி'யில் என்னவோ இருந்தது. நான் கவனிக்கவில்லை.

காட்டும் நாள் வந்தது. கொழுந்து லொறியைப் பிடித்து இரண்டு டிவிஷனும் ஹட்டன் மண்டபத்தில் வந்து இறங்கிவிட்டன. எல்லோரும் திருவிழா உடுப்பில். புள்ளி போட வந்திருந்தவர் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர், சிரிக்காத முகம்.

முதல் சண்டை, தலைவருக்கும் கணக்கப்பிள்ளைக்கும். தலைவரின் குடை உயர்ந்தது, கணக்கப்பிள்ளையின் நெஞ்சு வரை போனது, மரியாதையாகத் திரும்பி வந்தது. கணக்கப்பிள்ளையின் காலும் அப்படியே. அறுபது விநாடி ஓடி முடிந்தது. சமநிலை. அடுத்த ஜோடி. அதுவும் சமநிலை. ரஹீம் நானா வந்து சும்மா நின்றார்.

"போடுங்க தலைவரே ஒன்னு!" என்றது மேல் டிவிஷன்.

"கணக்கப்பிள்ளை, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி நிக்கிறீங்களே!" என்றது அவர் சொந்த டிவிஷனே.

விரிவுரையாளர் பேனாவை மூடினார். "பிள்ளை, இவை ஏன் ஆளையாள் அடிக்கினமில்லை? அடி விழாத சண்டைக்கு நான் எப்பிடிப் புள்ளி போடுறது?"

கண்டி வேலை மலையிறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "பிழை என்னோடது சேர். அடிக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தது நான்தான். பிள்ளைக்குப் புள்ளியைக் கொறைச்சிடாதீங்க."

"சேர், இன்னொருத்தர் இருக்காரு" என்றாள் தர்ஷினி. "கமிட்டிக்குத் தெரியாம நானே கூப்பிட்டவரு."

ஒரு பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி, கை நீண்ட சுவெட்டர், கக்கத்தில் ஃபைல். திரையில் நான்! தலைவரின் குடை என் தலையில் இறங்கியது, விழுந்தேன். விழும்போது என் சொந்தக் குரல் மண்டபம் முழுக்க அலறியது: "ஐயோ, யார்கிட்டயாவது கேட்டுட்டுச் செய்யுங்களேன்!" (வீட்டில் எனக்குத் தெரியாமல் பதிந்திருக்கிறாள்.) உடனே எழுந்து ஃபைலைத் திறந்தேன். அதுதான் என் விசேஷ அடி: பத்தொன்பது பேரும் ஓடிவந்து வட்டமாக நின்று கூட்டம் போட்டார்கள். கூட்டம் முடிந்ததும் மறுபடி அடி.

சிரிப்பில் மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. சிரிக்காத முகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் பிள்ளை அப்பாவைத் தெரிவு செய்தனீர்?"

"தோத்தாலும் கோவிச்சுக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும் சேர்."

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் என்னை அடிக்க வரிசை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பது போல இரண்டு டிவிஷனும் ஒரே வரிசையில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். யாரையும் அடிக்க ஏலாது என்ற ரஹீம் நானாவும் நின்றார். "சேர் ஒரே ஒரு கஸ்டமர்தானே, பரவால்ல." என் மனைவி, "என்னங்க, ஒரே ஒரு தடவை" என்று கேட்டுவிட்டு மூன்று தடவை அடித்தாள்.

சான்றிதழும் வந்தது, கண்டி வேலையும் வந்தது. ஆனால் அந்த அடி இன்னும் ஓயவில்லை. போன மாதம் ஹட்டன் பஸ்ஸில் தலை நரைத்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேர், என்னை ஞாபகமில்லையா? ஒங்களைப் பதினோரு தடவை அடிச்சேனே!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெதுவாகக் கேட்டேன்: "நான் ஒரு தடவையாவது ஜெயிச்சேனா?"

"எங்க சேர்! ஆனா ஒவ்வொரு தடவையும் எழும்பி, ஃபைலைத் தொறந்தீங்க."