ஒஸ்மோவின் துப்பாக்கியும் நான் எடுக்காத முடிவும்

இந்த அக்டோபரில் காட்டுக்குள் போய்க் கத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது. மீசை வேறு இருக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு சதுப்புச் சேற்றில் இறங்கி "ஹோய், ஹோய்!" என்று எத்தனை வருஷம்தான் ஊளையிடுவது? ஒன்பது வருஷம் ஊளையிட்டாயிற்று.

எங்கள் ஊர் வேட்டைக் குழுவில் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து காபி குடிப்பார்கள். ரைஃபிள் இல்லாதவர்கள் வரிசையாக நடந்து, கத்தி, மூஸ் மானை அவர்கள் பக்கம் விரட்டுவார்கள். எங்கள் மான், குதிரையைவிட உயரம். அது என் கத்தலுக்குப் பயந்து ஓடுகிறதா, காது வலிக்கிறது என்று ஓடுகிறதா, எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒரு நாளாவது ஓரிடத்தில் பேசாமல் உட்கார வேண்டும்.

அதற்கு வழி பிறந்தது. எழுபத்துநாலு வயது ஒஸ்மோவுக்கு முழங்கால் போய்விட்டது. சதுப்போரத்தில் அவர் உட்காரும் நாலாம் நம்பர் இடம் காலி. குழுத் தலைவர் ஆர்வோ கூட்டத்தில் சொல்லிவிட்டார்: "கையில துப்பாக்கி, அனுமதிச் சீட்டு, சுடற தேர்வுல பாஸ். இந்த மூணோட யார் முதல்ல வர்றாங்களோ, அவங்களுக்கு நாலாம் நம்பர்." தேர்வை நான் போன வருஷமே இரவல் துப்பாக்கியில் பாஸ் செய்துவிட்டேன். ஒஸ்மோ தன் பழைய போல்ட் துப்பாக்கியை விற்கப் போகிறார் என்று ஊரில் பேச்சு. இனி நான் வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் இரண்டு சிக்கல். ஒன்று, நான் உள்நாட்டு ஏரிப் பக்கத்துச் சவோ சீமைக்காரன். எங்கள் சீமையில் எதையும் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது அநாகரிகம். இரண்டு, என் மனைவி ஹில்க்கா மேற்குக் கடலோரத்துக்காரி. அங்கே நினைப்பதை அப்படியே சொல்லிவிடுவார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை.

காலைக் காபியின்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"ஒஸ்மோவுக்கு முழங்கால் சரியில்லையாம்."

"துப்பாக்கிய விக்கறாரா?"

காபி புரையேறியது. நான் இந்த இடத்துக்கு வந்து சேர வியாழக்கிழமை ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"விக்கலாம். விக்காமலும் இருக்கலாம்."

"நீ வாங்கப் போறியா?"

"வாங்கணும்னு இல்ல. வாங்கக் கூடாதுன்னும் இல்ல."

"என்னைக் கட்டிக்கறியான்னு கேட்டப்பவும் இதையேதான் சொன்ன."

"அதுக்கென்ன, கல்யாணம் நடந்துச்சே."

"தேவாலயத்துக்குப் போய் நான் தேதி வாங்கிட்டு வந்தேன், அதனால நடந்துச்சு." ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: "குழல் உள்ள எப்படி இருக்கு?"

"எந்தக் குழல்?"

"துப்பாக்கிக் குழல்தான். உள்ள வரிப்பள்ளம் தேஞ்சிருக்கா, துரு இருக்கா? பழைய துப்பாக்கின்னா அதைத்தானே முதல்ல பாக்கணும்? போய்ப் பாத்துட்டு வா."

எனக்கு ஆச்சரியம். 'வீட்டுக்குள் துப்பாக்கியா?' என்று குதிப்பாள் என்று எதிர்பார்த்து ஏழு சமாதானம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லை. இவள் ஏன் இதைக் கேட்கிறாள் என்று யோசித்துக்கொண்டே ஒஸ்மோ வீட்டுக்கு நடந்தேன்.

ஒஸ்மோ அடுப்பங்கரை மேசைமேல் துப்பாக்கியை வைத்திருந்தார். விற்பதற்கு இல்லையாம், சும்மா தூசி தட்டுவதற்காம்.

"மழை வரலாம்," என்றேன்.

"வராமலும் இருக்கலாம்," என்றார்.

அரைமணி நேரம் உருளைக்கிழங்கு பற்றிப் பேசினோம். பிறகு தற்செயலாக என் கை துப்பாக்கிமேல் பட்டது. தற்செயலாகத் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றினேன். தற்செயலாகக் குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அடடா! உள்ளே பள்ளங்கள் பளபளவென்று சுழன்று சுழன்று போயின.

"தேவலாம் போலிருக்கு," என்றேன். எங்கள் ஊரில் இதற்குமேல் பாராட்டே கிடையாது.

துப்பாக்கிக் கட்டையின் அடியில் கத்தியால் கீறிய பதினோரு கோடுகள். எனக்கு ஆவல் தாங்கவில்லை.

"பதினோரு மானா?"

"இல்ல. குறி தப்பினது."

"அடிச்சதுக்கு எங்க கோடு?"

"அதுக்கெல்லாம் கோடு போட்டா கட்டை என்னத்துக்கு ஆகும்?"

வீடு திரும்பி ஹில்க்காவிடம் குழலை வர்ணித்தேன். அவள் முகத்தைக்கூட நான் இப்படி வர்ணித்ததில்லை. கவனமாகக் கேட்டாள்.

"போல்ட்டு?"

"வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி போகுது."

"திருகாணித் தலையெல்லாம்? சொத்தையா இருந்தா எவனோ கழட்டி நோண்டியிருக்கான்னு அர்த்தம்."

"அதைப் பாக்கல."

"கட்டையில விரிசல்? கைப்பிடிக்குப் பக்கத்துல?"

"அதையும் பாக்கல."

"அப்ப அரை நாள் அங்க என்னதான் பண்ண?"

மறுவாரம் திரும்பவும் போனேன். திருகாணிகள் சுத்தம், விரிசல் இல்லை. ஆனால் தோளில் வைத்துப் பார்த்தபோது ஓர் இடைஞ்சல். ஒஸ்மோ குள்ளம். கட்டையைத் தன் அளவுக்கு அறுத்திருக்கிறார். அதையும் வந்து சொன்னேன்.

"எவ்ளோ குட்டை?"

"எனக்கு ரெண்டு விரல் குட்டை."

"ரெண்டு விரலா?" அவள் தன் முழங்கையை மடக்கி, விரல் நுனிவரை பார்த்துக்கொண்டாள். ஏதோ கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன். "அதைக் குறையாச் சொல்லு. விலையக் கேட்டியா?"

"சேச்சே, அதெல்லாம் கேட்டா ஒஸ்மோ என்ன நெனைப்பார்?"

"விக்க நெனைக்கறவர் வேற என்ன நெனைப்பார்? கேளு."

மூன்றாம் தடவை போனேன். கட்டை குட்டை என்றேன். தோள் வார் பழசு என்றேன். பெருமூச்சு விட்டேன். ஒஸ்மோவும் பெருமூச்சு விட்டார். யாராவது கேட்டால் ஐந்நூறு யூரோ சொல்லலாம் என்று ஜன்னலிடம் சொன்னார். நான் இன்னொரு பெருமூச்சு விட்டதும் நானூறு என்று ஜன்னலிடம் திருத்திக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் பேரம் பேசி ஜெயித்தது அன்றைக்கு ஒரு தடவைதான். வரும் வழியெல்லாம் விசில் அடித்தேன்.

"பேசி முடிச்சிட்டேன்!" என்றேன் ஹில்க்காவிடம்.

"வாங்கிக்கறேன்னு சொன்னியா?"

"'பாக்கலாம்'னு சொன்னேன்."

"'வாங்கிக்கறேன்'னு சொன்னியா, இல்லையா?"

"எங்க ஊருல பாக்கலாம்னா அதான் அர்த்தம். நீ கடலோரத்துக்காரி, உனக்குப் புரியாது. இனி ஒரு வாரம் ஆறப் போடணும். அதான் மரியாதை."

"அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டியா?"

"அதை எழுதிட்டா துப்பாக்கி வேணும்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே!"

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பரிதாபமா, பாசமா என்று சொல்லத் தெரியவில்லை. "சரி ரெய்யோ," என்று மட்டும் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் டவுனுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி செவ்வாய்தோறும் கம்பளம் நெய்யும் வகுப்புக்குப் போகிறாள். இவளும் அதற்குத்தான் போகிறாள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். கேட்டதில்லை. கேட்பது அநாகரிகம்.

ஒரு வாரம் ஆறியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒஸ்மோ வீட்டுக்குப் போனேன். மேசைமேல் காபிக் கெண்டி மட்டும் இருந்தது.

"தூசி தட்டி முடிச்சாச்சா?" என்றேன்.

"கொடுத்தாச்சு."

"கொ… யாருக்கு?"

"உன் பொண்டாட்டிக்குத்தான்."

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது.

"ஒஸ்மோ, நான் பாக்கலாம்னு சொன்னேனே!"

"சொன்ன. எனக்கும் புரிஞ்சது. இன்னும் ஒரு மாசம் ஆகும்னு நிம்மதியா இருந்தேன். அவ வந்தா. உக்காரக்கூட இல்ல. 'இந்தத் துப்பாக்கி எனக்கு வேணும்'னா." ஒஸ்மோவின் கண்கள் விரிந்தன. "எழுபத்துநாலு வயசுல இப்பதான்யா ஒருத்தர் வாயால இது வேணும்னு சொல்லிக் கேக்கறேன். எனக்கு உடம்பே நடுங்கிப் போச்சு. என் கை தானா எடுத்துக் குடுத்திருச்சு."

"அனுமதிச் சீட்டு?"

"அவகிட்ட இருந்துச்சே! உங்கிட்ட இருந்துச்சா?"

வீட்டுக்கு ஓடினேன். மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, ஹில்க்கா குழலுக்குள் துணி கட்டிய கம்பியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருட்டறையில் துப்பாக்கி வைத்துப் பூட்டும் புது இரும்பு அலமாரி. போன மாதம் அது வந்தபோது ஜாம் பாட்டில்களுக்கு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

"செவ்வாய்க்கிழமை…" என்றேன்.

"சுடற மைதானத்துக்குப் போனேன். வேட்டைப் பரீட்சை மே மாசமே எழுதிட்டேன். சுடற தேர்வு ஜூலையில."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!"

"நீ ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

"குழல், போல்ட்டு, திருகாணின்னு என்னை மூணு தடவ அனுப்பினியே…"

"நீ நல்லா பாத்துச் சொன்ன, ரெய்யோ. அப்படியே இருக்கு. விலையும் நூறு குறைச்சு வெச்சிருந்த. கட்டை நீளம் எனக்கு அளவெடுத்த மாதிரி." கம்பியை வெளியே இழுத்துத் துணியை ஆராய்ந்தாள். "நீ வாங்கியிருந்தா நான் வேற ஒண்ணு தேடியிருப்பேன். அதுக்குத்தான் ஒரு வாரம் காத்திருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது. கடைசியில் ஆவல்தான் ஜெயித்தது.

"உனக்கு எதுக்குடி இந்த வேட்டையெல்லாம்?"

"ஒன்பது வருஷமா உன் சேத்துத் துணிய தொவைக்கறேன். நீயும் நிறுத்தாம போற. அந்தக் காட்டுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கணும்னு தோணுச்சு."

அக்டோபர் முதல் சனிக்கிழமை. ஆர்வோ பட்டியலை வாசித்தார். "நாலாம் நம்பர், ஹில்க்கா." கைதட்டல். ஒஸ்மோ தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் உட்காரப் போனார்கள். நான் ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு, வாக்கி-டாக்கி ரேடியோவைத் தோளில் குத்திக்கொண்டு, விரட்டுகிறவர்கள் வரிசையில் நின்றேன். மனசு கொதித்தது. சரி, இன்றைக்குக் கத்துகிற கத்தலில் காட்டிலுள்ள அத்தனை மானும் நாலாம் நம்பருக்கே ஓட வேண்டும், எதைச் சுடுவது என்று தெரியாமல் அவள் திண்டாட வேண்டும் என்று வைராக்கியத்தோடு இறங்கினேன்.

முழங்கால் சேறு. தொண்டை கிழியக் கத்தினேன். மரங்களை அடித்தேன். நாற்பது நிமிஷம் ஒரு முயல்கூடக் கண்ணில் படவில்லை. தூரத்தில் நாலாம் நம்பர் மேடு தெரிந்தபோது ரேடியோ கரகரத்தது. ஹில்க்காவின் குரல், எப்போதும்போல் நேரடியாக:

"ரெய்யோ, குறுக்க நிக்கற, நான் சுட முடியாது. திரும்பிப் பாரு. நீ மானை ஓட்டிட்டு வரல, அதுதான் உன்னை ஓட்டிட்டு வருது."